ஒரே கோட், இரண்டு அளவு

அத்தியாயம் பதினொன்று

பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை. மெல்பேர்ன் வெந்துகொண்டிருந்தது. நிரூபா குளிர் உடுப்பு வாங்கப் புறப்பட்டாள்.

தனியாகப் போவதுதான் திட்டம். மகள் ஆரபியைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்தாயிற்று. கணவன் சிறிதரன் விடியவே வேலைக்குப் போய்விட்டான். மறந்துவிட்ட கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தபோது, காரின் முன் இருக்கையில் சுஜீதன் இருந்தான். சிறிதரனின் தம்பி. தொப்பி போட்டிருந்தான். பெல்ட்டையும் மாட்டிவிட்டான்.

“வீடு போறணை அடுப்பு மாதிரிக் கொதிக்குது அண்ணி,” என்றான். “கடைக்குள்ள குளிராயிருக்கும். ஒரு மூலையில இருந்திட்டு வாறன். கரைச்சல் தரமாட்டன்.”

இறங்கச் சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது.

அந்தக் காரணத்தை அவள் மூன்று கிழமைக்கு முன்பு கராஜுக்குள் நின்று கேட்டாள். சிறிதரன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கராஜ் கதவை இறக்கிவிட்டுச் சொன்னான். தம்பியின் ஈரலில் தொடங்கியது எல்லா இடமும் போய்விட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை. மார்ச்சில் இலையுதிர் காலம் தொடங்குவதைப் பார்ப்பார், மே மாதம் முடிவதைப் பார்க்கமாட்டார் என்று டொக்டர் சொன்னாராம்.

சுஜீதனுக்கு அது தெரியாது. எதுவென்றாலும் அண்ணாவிடம் சொல்லுங்கள் என்று டொக்டரிடம் முதல் நாளே சொன்னவன் அவன்தான். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டு வந்து, தம்பியிடம் வேறு கதை சொன்னான். இரத்தம் தேறுகிறது. உடம்பு கொஞ்சம் பிடித்ததும் புது மருந்து. ஏப்ரலில் தொடங்கலாம்.

பிறகு நிரூபாவிடம் ஆணை வாங்கினான். “பிள்ளையாணை அவனுக்குச் சொல்லமாட்டன் எண்டு சொல்லும்,” என்றான். அவள் சொன்னாள்.

உடுப்பு வாங்குவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வெளியார் கேட்கலாம். சிறிதரன் வீட்டில் அதை யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டில் ஒருவர் போனால் ஆண்டுத்திவசம் முடியும்வரை கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, புது உடுப்பு இல்லை. எத்தனையோ பேர் இதை முப்பத்தோராம் நாள் சடங்கோடு விட்டுவிட்டார்கள். சிறிதரன் விடவில்லை.

அவனுடைய தாய் ஊரில் இறந்த வருஷம் ஆரபிக்கு ஒன்பது வயது. அந்த வருஷம் பார்த்துத்தான் அவள் வளர்ந்தாள். மே மாதம் வந்தபோது கோட்டின் கை பாதிக் கையோடு நின்றுவிட்டது. நிரூபா கேட்டாள். பிறகு கெஞ்சினாள். ஒரு வருஷம் பொறுக்க முடியாதா என்றான் சிறிதரன்.

கடைசியில் சுஜீதன்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். பழைய உடுப்பு விற்கிற தருமக் கடைக்குப் போய் ஒரு கோட் வாங்கி வந்தான். இது புதுசு இல்லைத்தானே அண்ணா என்று கேட்டான். அண்ணன் தலையாட்டினான். ஆனால் கோட்டின் கழுத்துக்குள் வேறொரு பிள்ளையின் பெயர் எழுதியிருந்தது. அந்தப் பிள்ளை அதே பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு மேலே படித்தாள். இரண்டாம் நாள் ஆரபி கோட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்படித்தான் போனாள்.

இந்தமுறை அதற்கு விடுவதில்லை என்று நிரூபா முடிவு செய்திருந்தாள். முன்கூட்டியே வாங்கி, ஒருமுறை போட்டுத் தோய்த்து அலுமாரியில் வைத்துவிட்டால் அது பழசு. பழசுக்குத் தடையில்லை. இது அவளுக்கு மாமி, சிறிதரனின் தாய், எப்போதோ சொன்ன விஷயம். அந்த மாமியே ஒரு பின்னேரம் திடீரென்று நெஞ்சு நொந்து போய்விட்டார். முன்கூட்டி யோசிக்க அவர் ஒருவருக்கும் நேரம் தரவில்லை.

இப்போது நேரம் இருக்கிறது. அவள் அந்த நினைப்பை முழுதாக நினைத்துப் பார்க்கவில்லை. சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் திட்டம் மட்டும் போட்டாள். ஆரபிக்குக் காலில் போட நீளக் களுசான்கள், கை நீண்ட மெல்லிய சட்டைகள், அவற்றுக்கு மேல் போட ஸ்வெட்டர், அதற்கும் மேல் ஒரு கோட். சிறிதரனுக்கு வேலைக்குப் போட ஒரு ஜக்கெற். தனக்கு ஏதாவது ஒன்று. எல்லாம் ஒன்றோடு ஒன்று சேரும் நிறங்களாக இருந்தால் குறைய வாங்கினாலும் போதும். எதையும் எழுதி வைக்கவில்லை.

வீடு இருந்த கிரெய்கிபர்னிலிருந்து கடை இருந்த எப்பிங் வரும்வரை சுஜீதன் காரின் குளிர்காற்றை முகத்துக்கு நேரே திருப்பி வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான்.

கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பொம்மைகளுக்கு அதற்குள் கம்பளி போட்டுவிட்டிருந்தார்கள். காலடியில் துணியால் செய்த பழுத்த இலைகள். கோடைச் சட்டைகளைப் பின்சுவருக்குத் தள்ளி மலிவு விலைப் பலகை வைத்திருந்தார்கள். முன்பக்கம் முழுவதும் இனி வரப்போகிற மாதங்கள்.

“வெளியில நாப்பது பாகை,” என்றான் சுஜீதன். “உள்ளுக்கு யூலை மாதம்.”

தள்ளுவண்டியை அவன் பிடித்துக்கொண்டான். தான் தள்ளுவதாகச் சொன்னான். கொங்கிறீட் போடுகிற வேலை செய்தவன். சீமெந்து மூட்டையைத் தோளில் வைத்தபடியே தொலைபேசியில் கதைப்பான் என்று அவனுடைய முதலாளி சிவபாலன் சொல்லிச் சிரிப்பதுண்டு. இப்போது வண்டிதான் அவனைத் தாங்கியது. திரும்பும் இடங்களில் இடது கையை எடுத்து விலாவுக்குக் கீழே வைத்துக்கொண்டான்.

ஏன் இவ்வளவு வேளைக்கு என்று அவன் கேட்டான். அதற்கு அவள் பதில் தயாராக வைத்திருந்தாள். மே மாதம் வந்தால் நல்ல அளவெல்லாம் போய்விடும், முந்தி வருகிறவர்களுக்குத்தான் நல்லது அகப்படும் என்றாள்.

“கலியாண வீட்டுக்கு வெளிக்கிடுற அண்டைக்குத்தான் நீங்கள் சாறிச் சட்டைக்கு ஊசி தேடுறனீங்கள்,” என்றான். “இப்ப என்ன புதினம்?”

வயது போகிறது, புத்தி வருகிறது என்று சொல்லிச் சமாளித்தாள். அவன் நம்பியதுபோலத்தான் இருந்தது.

அவளுக்குக் கை ஓடியது. ஆரபி பக்கத்தில் இல்லாததால் தன் தோளில் வைத்து அளந்தாள். பச்சைச் சட்டையை எடுத்தாள், சாம்பல் நிறத்தைச் சேர்த்துப் பார்த்தாள், மடித்து வண்டியில் போட்டாள். களுசானின் கீழ்மடிப்பைத் திருப்பி உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாள். அவிழ்த்து நீட்டலாம். நல்லது. வேறொரு நாளில், வேறொரு காரணத்துக்காக என்றால் இது அவளுக்குப் பிடித்த வேலை. அரைமணி நேரம் அதை மறந்துகூடப் போனாள். பிறகு அவன் இருமினான்.

தனக்கென்று ஒரு கருநீல ஸ்வெட்டரை எடுத்தாள்.

“உது என்னண்ணி, செத்தவீட்டுக்கோ?” என்றான். “வையுங்கோ அங்கால.”

அவள் வைத்துவிட்டாள். அவன் தேடி ஒரு மாதுளம்பழ நிறத்தை எடுத்துத் தந்தான். அவள் அதை வண்டியில் போட்டாள். துக்க வருஷத்தில் அந்த நிறத்தை உடுக்கும் நாள் வராது என்று தெரிந்துதான் போட்டாள்.

ஆண்கள் பகுதியில் அண்ணனுக்கு ஜக்கெற் தெரிவு செய்ததும் அவன்தான். அவள் எடுத்ததைப் பார்த்துத் தலையை ஆட்டினான். இதை அண்ணனால் பூட்ட முடியாது, முன்னுக்கு ஏழு மாதம் நிற்கிறதே என்றான். பெரிய அளவை எடுத்தார்கள். பிறகு வேறொன்றைக் கம்பியிலிருந்து இறக்கித் தானே போட்டுப் பார்த்தான். அவனுடைய வழக்கமான அளவு. கண்ணாடியில் தோள்பட்டை இரண்டும் கீழே விழுந்து கிடந்தன. கைக்குள் விரல் நுனிகள் மட்டும் தெரிந்தன.

அந்த வழியால் வந்த விற்பனைப் பெண் இரண்டு அளவு சிறியது இருக்கிறது, எடுத்து வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான்.

நிரூபா வாங்குவோம் என்று சொல்ல வாயெடுத்தாள். வாங்கினால் அது அலுமாரியில் தொங்கும், பிறகு அதை யார் கழற்றி மடிப்பது? வாங்காவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் குளிர் உடுப்பு இருக்கும், அவனுக்கு இருக்காது. அவள் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே அவன் அதைத் திரும்பவும் கொழுவிவிட்டான்.

“உடம்பு பிடிச்சாப்போல பாப்பம்,” என்றான்.

ஆரபியின் கோட்டைக் கடைசிக்கு விட்டிருந்தாள். நல்ல கோட். உள்ளே மென்மயிர் வைத்தது, மழைக்கு நனையாதது, ஆரபி விரும்பும் கடுகு மஞ்சள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு அளவு பெரிதாக எடுத்தாள். இந்தக் குளிருக்குச் சரி. அடுத்த குளிருக்குப் போதாது. திவசம் முடிவது அடுத்த வருஷத்து இலையுதிர் காலத்தில். அதற்குள் முதல் குளிர் வந்துவிட்டால் பிள்ளை மறுபடியும் கையை இழுத்துக்கொண்டு போகும். சுஜீதன் தொப்பிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அதே கோட்டில் இன்னும் பெரிய ஒன்றை எடுத்து மற்ற உடுப்புகளுக்கு அடியில் வைத்தாள்.

காசு கொடுக்கும் இடத்தில் எல்லாம் வெளியே வந்தன. பெண் ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். மஞ்சள் கோட். பிறகு இன்னொரு மஞ்சள் கோட். அளவுச் சீட்டுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அக்கா தங்கச்சிக்கா, ஒரே மாதிரிப் போட்டுப் பார்க்க ஆசையா என்று கேட்டாள்.

நிரூபா ஓம் என்றாள். இரண்டு பெண் பிள்ளைகள் என்றாள்.

சுஜீதன் பைகளை எடுப்பதற்காகப் பக்கத்தில் வந்து நின்றிருந்தான். அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பைகளை வண்டியில் வைத்தான். உணவுக்கூடம்வரை வண்டியை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனான். வழியில் ஒரு பகிடியும் விடவில்லை.

அவளுக்குக் கோப்பி வாங்கி வந்து வைத்தான். தனக்கு ஐஸ் போட்ட தேசிக்காய்த் தண்ணீர். அதைக் குடிக்கவில்லை. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் உருளைக்கிழங்குப் பொரியலுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது.

“அப்பா பெரியாஸ்பத்திரியில கிடக்கேக்க எனக்கு எட்டு வயசு,” என்றான். “ஒருநாள் அம்மா என்னைத் தையல்காரரிட்டக் கூட்டிக்கொண்டு போனவ. ஒரே துணியில ரெண்டு சேட். ஒண்டு என்ர அளவுக்கு. மற்றது பெரிசு. தையல்காரர் கேட்டவர், பெரிசு மூத்தவனுக்கோ எண்டு. அம்மா ஓம் எண்டவ.”

நிரூபா கோப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாவுக்கு அப்ப இருவது வயசு. கொழும்பில வேலை. அவருக்கு அந்தச் சேட்டுக்குள்ள ஒரு கையும் போகாது. அம்மா பொய் சொல்லி நான் கண்டது அண்டைக்குத்தான். வீட்ட வந்து ரெண்டையும் ஒருக்காப் போடவிட்டு, தோய்ச்சுப் பெட்டிக்குள்ள வைச்சவ. ஏனம்மா எண்டு கேட்டனான். வளர்ற பிள்ளை எண்டவ. அப்பா போன வருசம் முழுக்க அந்த ரெண்டு சேட்டும்தான் போட்டனான்.”

தேசிக்காய்த் தண்ணீரைத் தள்ளி வைத்தான்.

“ஆரபிக்குத் தங்கச்சி இல்லை அண்ணி.”

வளருகிற பிள்ளைதானே என்று அவள் சொல்லியிருக்கலாம். அந்தப் பதிலைத்தான் அவன் ஏற்கெனவே எடுத்துவிட்டான்.

“எவ்வளவு காலமாம்?”

அவள் பைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“சரி, சொல்லாதேங்கோ. ஆணை வாங்கியிருப்பார். எங்கட வீட்டில எல்லாத்துக்கும் ஆணைதான்.” பைகளைப் பார்த்தான். “ரெண்டு கோட்டும் திவசத்துக்கு முதல் போடத்தான். அப்ப இந்தக் குளிருக்கே நான் இல்லை. அப்பிடித்தானே?”

அவள் கண்ணை மூடினாள். அது போதுமாக இருந்தது.

அவன் மேசையில் சிந்தியிருந்த தண்ணீரைக் கையால் துடைத்தான். பிறகு கதைத்தபோது குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

“நான் நம்பினனான் அண்ணி. ஏப்ரல், ஏப்ரல் எண்டு சொல்லேக்க முழுசா நம்பினனான். நேற்றுக்கூட நம்பினனான்.”

மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தாள். எதற்கு என்று தெரியவில்லை. மறைத்ததற்கா, கோட் வாங்கியதற்கா? அவன் எழுந்து கழிப்பறைப் பக்கம் போனான். அவள் காத்திருந்தாள். கோப்பி ஆறியது. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போய் வேறு ஆட்கள் வந்தார்கள். அவள் பைகளோடு போய் ஆண்கள் கழிப்பறைக்கு வெளியே நின்றாள். உள்ளே போக முடியாது. யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லவும் வாய் வரவில்லை. கடைசியில் அவனே வந்தான். முகம் முழுவதும் தண்ணீர். தொப்பி கையில். தலையில் மிஞ்சியிருந்த மயிர் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தது.

“அண்ணாவுக்குச் சொல்லாதேங்கோ,” என்றான்.

“ஏன் தம்பி?”

“நான் அறிஞ்சிட்டன் எண்டு தெரிஞ்சா அவர் என்ர அறைக்குள்ள வரமாட்டார். அம்மா செத்த நேரம் மூண்டு மாதம் என்ர முகம் பார்த்துக் கதைக்கேல்லை. உங்களுக்குத் தெரியும்தானே. இப்ப ஒவ்வொரு நாளும் வாறார். கட்டில்ல இருந்து கால் பிடிச்சு விடுறார். ஏமாத்திறன் எண்ட நினைப்பிலதான் அந்த மனிசன் எழும்பி நிக்குது.” தொப்பியைப் போட்டுக்கொண்டான். “அவர் வரவேணும் அண்ணி. எனக்கு வேற ஆக்கள் இல்லை.”

அவள் சரி என்றாள். அவன் ஆணை கேட்கவில்லை.

காருக்குள் அவன் மறுபடியும் குளிர்காற்றை முகத்துக்கு நேரே திருப்பினான்.

பின்னேரம் சிறிதரன் வேலையிலிருந்து வந்தான். முதல்நாள் வாங்கிய அரிசி மூட்டையை இறக்குவதற்காக அவளுடைய காரின் பின்கதவைத் திறந்தான். மூட்டையை அப்படியே விட்டுவிட்டான். அவள் இன்னும் இறக்காத, இரண்டு மஞ்சள் கோட்டும் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தான். ஆரபி மாடியில் குளித்துக்கொண்டிருந்தாள்.

“ஆள் உள்ளுக்குக் கிடக்கிறான்,” என்றான். சத்தம் போடவில்லை. அவன் கோபத்தில் சத்தம் குறைகிறவன். “நீர் வருசத்துக்குக் கணக்குப் போட்டுச் சட்டை வாங்கிறீர்.”

அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அரிவதை நிறுத்தவில்லை. ஆரபி போனமுறை பட்டது போதும் என்று மட்டும் சொன்னாள். அவன் கதிரையை இழுத்து இருந்தான். பிறகு, தம்பிக்குத் தெரிந்துவிட்டதா என்று கேட்டான்.

“என்னோட வந்தவர். ஜக்கெற் ஒண்டு போட்டுப் பார்த்தவர். பெரிசாக் கிடந்தது, வாங்கேல்லை.”

அதில் பொய் ஒன்றும் இல்லை.

சிறிதரன் கண்ணைத் துடைத்தான். மத்தியானம் ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பும் நேர்ஸ்மாரில் ஒருத்தி தொலைபேசியில் எடுத்ததாகச் சொன்னான். திங்கட்கிழமையிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வரலாம். வலி இனித்தான் தொடங்குமாம். தொடங்கும் முன்பே வந்து பழகிக்கொண்டால் மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றிக் கடைசிவரை வீட்டிலேயே நோகாமல் வைத்திருக்கலாமாம். ஆனால் நோயாளியோடு எல்லாவற்றையும் திறந்து கதைப்பதுதான் தங்கள் வழக்கம் என்று அவள் முன்கூட்டியே சொன்னாளாம். பகல் முழுவதும் இதே யோசனைதான் அவனுக்கு. அவர்கள் வந்தால் தம்பிக்கு விளங்கிவிடும். வராவிட்டால் தம்பி வலியில் கிடப்பான்.

வரட்டும் என்றாள் நிரூபா. அவன் எழுந்து தம்பியின் அறைக்குப் போனான்.

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு நடைக்கு வந்து நின்றாள். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. சிறிதரன் கட்டில் விளிம்பில் இருந்து தம்பியின் காலை மடியில் எடுத்து வைத்திருந்தான்.

“இண்டைக்கு எப்பிடியடா?”

“நல்லாயிருக்கு அண்ணா. கடை முழுக்க நடந்தனான். அண்ணியைக் கேட்டுப் பாருங்கோ.”

“களைக்கேல்லையோ?”

“கொஞ்சம். வண்டி தள்ளினதும் நான்தான்.” சுஜீதன் தலையணையில் நிமிர்ந்தான். “ஏப்ரலில மருந்து தொடங்கினா யூனில வேலைக்குப் போகலாம் போல கிடக்கு. சிவபாலன் அண்ணையிட்டச் சொல்லி வையுங்கோ. என்ர இடத்துக்கு வேற ஆளை எடுத்துப்போடுவார்.”

“அவர் எடுக்கமாட்டார்.”

“எடுத்தா நீங்கள்தான் வந்து கொங்கிறீட் தள்ளவேணும். வயிறு கரையும்.”

சிறிதரன் சிரித்தான். வாய்விட்டுச் சிரித்தான். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. மாடியிலிருந்து ஆரபி என்ன அப்பா என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

சிரிக்கிற அண்ணனைத் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை நிரூபா பார்த்தாள். அவன் அண்ணனுக்கு அந்தச் சிரிப்பைக் கொடுத்துவிட்டான். கொடுத்தது என்ன விலைக்கு என்று அவனுக்குத் தெரியாது. நேர்ஸ்மாரைப் பற்றி அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சிறிதரன் குசினிக்குத் திரும்பி வந்து தானே சோறு போட்டான். இரண்டாம் தரமும் போட்டான். கேட்டனீரே, கேட்டனீரே என்றான். யூனில் வேலைக்குப் போகப் போகிறானாம். தம்பிக்கு நம்பிக்கை வந்துவிட்டதாம். டொக்டர்மாருக்கு என்ன தெரியும், மனம் பிடித்தால் உடம்பும் பிடிக்கும் என்றான். கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவனே அதைக் கொஞ்சம் நம்பத் தொடங்கியது முகத்தில் தெரிந்தது.

கையைக் கழுவிவிட்டுத் தொலைபேசியை எடுத்தான்.

“ஆருக்கு எடுக்கிறீங்கள்?”

“அந்த நேர்ஸுக்கு. இப்ப வேண்டாம் எண்டு சொல்லிவிடுவம்.”

“நோவு வந்தா?”

“வந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம். இப்பதான் சிரிக்கத் தொடங்கியிருக்கிறான் நிரூபா. அவையள் வந்து ஒரு வார்த்தை சொன்னாலும் அண்டைக்கே படுத்திடுவான்.”

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்தாள். “இஞ்சருங்கோ. அவருக்கு…”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “பிள்ளையாணை சொன்னனீர்,” என்றான். மிரட்டவில்லை. கெஞ்சுவது போலத்தான் இருந்தது.

மாடியில் ஆரபி தலைமயிர் உலர்த்தும் சத்தம் கேட்டது. நடைக்கு அப்பால் சுஜீதன் ஒருமுறை இருமி, அதை அடக்கினான். தம்பிக்குத் தெரியும் என்று சொன்னால் அண்ணன் அந்த அறைக்குள் வராமல் போய்விடுவான். ஒருவனுக்கும் சொல்லாவிட்டால் இருவரும் இந்த வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள், ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டு, வலி வரும்வரை.

சனிக்கிழமை பின்னேரம் என்பதால் அந்தப் பக்கத்தில் பதிவுக் குரல்தான் வந்தது. சிறிதரன் எழுந்து நின்று, வேலையிடத்தில் பேசும் நல்ல ஆங்கிலத்தில் தகவல் சொன்னான். தம்பியின் பெயரை எழுத்துக்கூட்டினான். இப்போது நல்ல முன்னேற்றம் தெரிகிறது, திங்கட்கிழமை வரவேண்டிய தேவையில்லை, தேவைப்பட்டால் நாங்களே கூப்பிடுகிறோம், உங்கள் அன்புக்கு நன்றி என்றான். நிரூபா ஒவ்வொரு வசனத்துக்கும் இடையில் வாயைத் திறந்து மூடினாள்.

அவன் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான். மூன்று கிழமைக்குப் பிறகு அவன் முகத்தின் இறுக்கம் விட்டிருந்தது.

“இனி ஒருத்தரும் வரமாட்டினம்,” என்றான்.